மண்டாயில் விலங்குகளின் மணிக்கணக்கு

டிராவல்ஸ்காரர் கொடுத்த தாளில் மண்டாய்க்கு ஒதுக்கிய ஒரு நாளுக்கு நான்கு பூங்காக்கள் எழுதியிருந்தன. காலை பத்து மணிக்கு மிருகக்காட்சி சாலை, மதியம் பறவைப் பூங்கா, மாலையில் நதிப் பூங்கா, இரவு நைட் சஃபாரி. ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம். சிங்கப்பூர் வந்து இறங்கிய இரவு அந்தத் தாளைத் தம்பியிடம் காட்டினேன். அவன் ஈசூனில் பல வருடங்களாக இருக்கிறான். மண்டாய்க் காடு அவன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். படித்துப் பார்த்துவிட்டு, தாளை நான்காக மடித்து மேசையில் வைத்தான்.

"அக்கா, இதுல எல்லாம் நம்ம நேரம்தான் இருக்கு. மிருகத்தோட நேரம் ஒண்ணுகூட இல்ல. பத்து மணிக்கு நீ உள்ள நுழையறப்ப பாதி மிருகம் நிழல் பாத்துப் படுத்துடும். அம்மா முட்டியும் அவ்வளவு நடைக்குத் தாங்காது."

அன்று இரவே என் மகனின் வரைபட நோட்டின் கடைசிப் பக்கத்தில் வேறு திட்டம் போட்டோம். அதைப் போட்ட விதத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். விடுமுறைக்குச் சிங்கப்பூர் போகும் நம் குடும்பங்களில் பெரும்பாலானவை மண்டாய்க்கு ஒரு நாள் ஒதுக்குகின்றன. அந்த நாள் முடிந்து திரும்பும்போது குழந்தைகள் அழுகிறார்கள், பெரியவர்கள் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். அது அவ்வளவு சிரமமாக இருக்க வேண்டியதில்லை.

2025 மே மாதம். பள்ளி விடுமுறை. திருச்சியிலிருந்து நேரடி விமானத்தில் நான், என் அம்மா, என் மகன் மூவரும் வந்திருந்தோம். அம்மாவுக்கு 72 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மகனுக்குப் பதினொன்று, கயிறு கட்டிக் குதிக்க வேண்டும், குகைக்குள் தவழ வேண்டும் என்று ஊரிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தவன். இந்த இருவரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் மகிழ்ச்சியாக வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் முன்னால் இருந்த கணக்கு.

மண்டாயில் இப்போது ஐந்து பூங்காக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. 1973இல் திறந்த மிருகக்காட்சி சாலை, 1994இல் வந்த நைட் சஃபாரி, 2013இல் வந்து இப்போது ரிவர் வொண்டர்ஸ் என்று பெயர் மாறியிருக்கும் நதிப் பூங்கா, ஜூரோங்கில் ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்த பழைய பறவைப் பூங்காவை மூடிவிட்டு 2023 மே மாதம் இங்கே திறந்த பேர்ட் பேரடைஸ், கடைசியாக 2025 மார்ச்சில் திறந்த ரெயின்ஃபாரஸ்ட் வைல்ட் ஏஷியா. மகன் கேட்ட கயிறும் குகையும் இந்தக் கடைசிப் பூங்காவில்தான். எல்லாம் ஒரே வளாகம் என்பதால் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்ற மயக்கம் யாருக்கும் வரும். மிருகக்காட்சி சாலை மட்டுமே 26 ஹெக்டேர்; நம் கணக்கில் 64 ஏக்கர். ஒரு நல்ல கிராமத்தின் நஞ்சை அளவு. அதை முட்டிவலியோடு நடந்து, பிறகு 17 ஹெக்டேர் பறவைப் பூங்காவுக்குப் போவது எப்படி?

முதலில் பறவைகளை விட்டோம். அங்கே 400 இனங்களைச் சேர்ந்த 3,500 பறவைகள் இருக்கின்றன. நாம் நடந்து போகும்படியான பிரம்மாண்ட வலைக்கூடங்கள் எட்டு. நான் பறவை பார்க்கிறவள். விட மனமில்லை. ஆனாலும் அரை மணி நேரத்தில் அதைச் சுற்றி ஓடுவதைவிட, இன்னொரு வருடம் அதற்கென்றே வருவது மேல் என்று அடித்துவிட்டேன்.

பிறகு வெயில். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒரு பாகைக்குச் சற்றே வடக்கே இருக்கிறது. வருடம் முழுவதும் காலை ஏழு மணியை ஒட்டி விடிகிறது, மாலை ஏழு மணியை ஒட்டி இருட்டுகிறது. ஆகவே அங்கே காலை எட்டரை என்பது நம் ஊரில் காலை ஏழரை போல, இளவெயில். மிருகக்காட்சி சாலையின் கதவு சரியாக எட்டரைக்குத் திறக்கிறது. பகலெல்லாம் வெயில் ஏறி, ஈரக்காற்று மேலே எழும்பி, இரண்டு மூன்று மணிக்கு இடியும் மின்னலுமாகக் கொட்டுவது அங்கே வழக்கம். உலகில் மின்னல் அதிகம் விழும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. ஏப்ரலும் மேயும் அதற்கு உச்ச மாதங்கள். மின்னல் எச்சரிக்கை வந்தால் உயரத்தில் நடக்கும் சாகச விளையாட்டுகளை நிறுத்தத்தான் வேண்டும்.

தம்பி பென்சிலால் எழுதினான். முதல் நாள் காலை எட்டரைக்கு மிருகக்காட்சி சாலை, பன்னிரண்டு வரை. மதியம் கூரை உள்ள நதிப் பூங்கா, பாண்டாக்கள். மூன்றரைக்கு வீடு, தூக்கம். இரவு ஏழே காலுக்கு நைட் சஃபாரி. சாகசப் பூங்கா மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, வானம் வெளுத்திருக்கும்போது.

"மறுநாளா?" என்று மகன் முகம் சுண்டிப்போனது.

"மாமா சொன்னா கேக்கணும். மத்தியானம் மேகம் கட்டுறதப் பாரு, அப்புறம் பேசு" என்றான் தம்பி.

காலையில் காத்திப் ரயில் நிலையத்திலிருந்து மண்டாய்க்குப் போகும் பேருந்தில் ஏறினோம். கால் மணி நேரப் பயணம். கடைசி வளைவில் சாலைக்கு மேலே அகலமான ஒரு பாலம் தெரிந்தது. அதன் மேல் மரங்கள். மனிதர் நடக்கும் பாலம் என்றுதான் அம்மா நினைத்தார். சாலையின் இருபுறமும் பிரிந்துபோன காட்டை இணைக்க 2019இல் கட்டி முடித்த விலங்குப் பாலம் அது. பூங்காக்களுக்கு வருகிறவர்களின் வண்டிகள் கீழே போக, வேலிக்குள் இல்லாத, சீட்டு வாங்கிப் பார்க்க முடியாத காட்டு உயிர்கள் மேலே கடக்கின்றன. பூங்காவுக்குள் நுழையும் முன்பே எனக்கு அந்த இடத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது.

உள்ளே நுழைந்து சிறிது தூரம் நடந்ததும் அம்மா நின்றார்.

"ஏம்மா, கூண்டு எங்க?"

அம்மாவுக்கு மிருகக்காட்சி சாலை என்றால் சென்னையின் 'உயிர் காலேஜ்'. பத்து வயதில் அவருடைய அப்பா துறையூரிலிருந்து கூட்டிப்போய்க் காட்டியது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 'செத்த காலேஜ்' என்று பெயர். சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். 1855இல் எட்வர்ட் பால்ஃபர் என்பவர் அருங்காட்சியக வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளை வைக்கத் தொடங்கி, பிறகு அவை பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. அங்கே அம்மா பார்த்த புலி, இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால், சிமெண்டுத் தரையில், இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்ததாம். "திரும்புற எடத்துல செவுரு வழவழன்னு தேஞ்சிருந்துச்சு" என்று இன்றும் சொல்வார். 1985இல் அந்த விலங்குகள் வண்டலூருக்குப் போய், மரங்களும் அகழிகளும் உள்ள இடத்தில் விடப்பட்டன. அம்மா வண்டலூர் போனதில்லை. ஆகவே கம்பியில்லாத புலியை அவர் முதன்முதலில் பார்த்தது மண்டாயில்தான்.

அகழியின் கணக்கு எளிது. ஒரு விலங்கு எவ்வளவு தூரம் தாவும், எவ்வளவு உயரம் ஏறும், தண்ணீரைக் கண்டால் என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பள்ளமோ நீரோ வைப்பது. பள்ளத்தைச் செடிகளால் மறைத்துவிட்டால் நம் கண்ணுக்கும் அதற்கும் நடுவே ஒன்றும் இல்லாதது போல் இருக்கும். மரமேறும் சிறுத்தை போன்றவற்றுக்கு அகழி போதாது, அவற்றுக்குக் கண்ணாடி. இந்த முறையில் சிங்கப்பூரின் பூங்காவை அமைக்க வழி சொன்னவர் இலங்கைக்காரர்: தெகிவளை மிருகக்காட்சி சாலையின் இயக்குநராக இருந்த லின் டி அல்விஸ். பக்கத்து நீர்த்தேக்கத்தைச் சுற்றியிருந்த காட்டில் ஒரு பகுதியை மக்கள் வந்துபோகும் இடமாக்கலாம் என்று முனைந்தவர், அன்றைய பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தலைவர் ஓங் சுவீ லா. 1973 ஜூன் 27 அன்று 270 விலங்குகளோடு திறந்தார்கள்.

தொடக்கத்தில் எல்லாம் சரியாக அமைந்துவிடவில்லை. 1974இல் காங்கோ என்ற நீர்யானை வெளியேறி, பக்கத்திலிருக்கும் அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் இறங்கிவிட்டது. ஒன்றரை மாதத்துக்கு மேல் அது குடிநீர் ஏரியிலேயே குடியிருந்தது. அந்த நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் நின்று இந்தக் கதையை மகனுக்குச் சொன்னேன். அவன் வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒராங்குட்டான்களிடம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதேகால். அன்றைய நாளின் ஒவ்வொரு நிமிடத்தையும் அந்த இடத்துக்காகவே செலவழித்திருக்கலாம். மலாய் மொழியில் ஒராங் என்றால் மனிதர், ஊத்தான் என்றால் காடு. வனமனிதர். பெரிய மரங்களுக்கு நடுவே கயிறுகளும் கொடிகளும் கட்டி, தலைக்கு மேலே அவை போய்வரும்படி விட்டிருக்கிறார்கள். ஒரு பெண் ஒராங்குட்டான் எங்கள் கண் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு மேடையில் உட்கார்ந்திருந்தது. கையெட்டும் தூரத்திலிருந்த கிளையை வளைத்து, இலையோடு ஒரு கொப்பை ஒடித்தது. அதை இரண்டாக மடக்கிப் பார்த்தது; சரியில்லை. இன்னொரு கொப்பை ஒடித்து அதனோடு சேர்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டது. வெயில் இலைகளின் வழியாக அதன் முகத்தில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு, தன்னையறியாமல் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். இரண்டு முகங்களும் ஒன்றையொன்று பார்த்தன. அம்மா அதைக் கும்பிடவில்லை, சிரிக்கவில்லை. "உக்காரு தாயி, உக்காரு" என்றார், வீட்டுக்கு வந்த ஒருத்தியிடம் சொல்வது போல.

அந்த இடத்தில் ஆ மெங் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. சுமத்ராவைச் சேர்ந்த ஒராங்குட்டான். யாரோ கடத்திக்கொண்டுவந்து ஒரு வீட்டில் செல்லப் பிராணியாக வளர்த்ததை 1971இல் மீட்டார்கள். பிறகு அது இந்தப் பூங்காவின் முகமாகவே ஆனது. அதோடு உட்கார்ந்து காலைச் சிற்றுண்டி சாப்பிடுவதற்காகவே உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். 2008 பிப்ரவரி 8 அன்று அது இறந்தபோது நடந்த நினைவுக் கூட்டத்துக்கு நான்காயிரம் பேர் வந்தார்கள். ஒரு விலங்கைத் தாயிடமிருந்து பிரித்து விற்ற கொடுமையில் தொடங்கிய வாழ்க்கை அது. குட்டியைப் பிடிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் தாயைக் கொன்றுதான் பிடிப்பார்கள். இன்றும் போர்னியோவிலும் சுமத்ராவிலும் அது நடக்கிறது. அந்த மேடையைச் சுற்றி நின்று படம் எடுக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இதை யாராவது ஒருவர் குனிந்து சொல்ல வேண்டும். நான் என் மகனுக்குச் சொன்னேன்.

பத்தரைக்கு வெயில் உறைக்கத் தொடங்கியது. வெள்ளைப் புலி பாறை நிழலில் படுத்துவிட்டது. பத்தரைக்குப் பிறகு வந்தவர்கள் எட்டிப் பார்த்து, "தூங்குது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். நாங்கள் பூங்காவுக்குள்ளேயே சுற்றும் டிராம் வண்டியில் அம்மாவை ஏற்றிவிட்டு, நாங்களும் ஏறி, ஃப்ராஜைல் ஃபாரஸ்ட் என்ற கூடத்துக்குப் போனோம். பெரிய வலைக்கூடாரத்துக்குள் ஒரு சின்ன மழைக்காடு. உள்ளே வேலி இல்லை. வளையம் வளையமாக வால் கொண்ட லெமூர்கள் நடைபாதையில் நம் காலடியில் குறுக்கே போகின்றன. தலைக்கு ஒரு முழம் மேலே பழந்தின்னி வௌவால்கள் பலாச்சுளையைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கி, சவைத்துச் சாற்றைக் குடித்துவிட்டுச் சக்கையைத் துப்புகின்றன.

தரையில் ஓரமாக, பெரணிச் செடிக்குக் கீழே ஏதோ அசைந்தது. முயல் அளவு. பென்சில் மாதிரி கால்கள். பெரிய, ஈரமான கண்.

"சருகுமான்" என்றார் அம்மா. பெயர்ப் பலகையில் ஆங்கிலப் பெயர்தான் இருந்தது. இங்கே இருப்பது தென்கிழக்கு ஆசிய இனம். நம் மலைகளில் இருப்பது உடலில் வெள்ளைக் கோடும் புள்ளியும் கொண்ட அதன் உறவு. அம்மா அதையும் நேரில் பார்த்ததில்லை. துறையூருக்கு மேற்கே கொல்லிமலை, வடக்கே பச்சைமலை. சின்ன வயதில் விறகுக்கு மலையேறிப் போனவர்கள் சொன்ன பேச்சு அவர் காதில் இருந்தது: சருகு மேல் நடக்கிற சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. அறுபது வருடம் பெயராக மட்டும் இருந்த ஒன்றை மூன்றடி தூரத்தில் பார்த்த அவர் முகத்தை நான் மறக்க மாட்டேன். அது ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே நின்றது. அம்மா மூச்சையடக்கி நின்றார். முட்டிவலி இருப்பதாக அவர் அந்தப் பத்து நிமிடமும் சொல்லவில்லை.

பன்னிரண்டுக்கு வெளியே வந்தோம். இன்னும் பார்க்காதது பாதிக்கு மேல் இருந்தது. எத்தியோப்பியப் பள்ளத்தாக்கு போல் அமைத்த மலைச்சரிவில் பபூன் கூட்டத்தை எட்ட நின்று பார்த்ததோடு சரி. நீர்த்தேக்கத்தின் ஓரமாகப் பலகை போட்ட நடைபாதை ஒன்று இருக்கிறது. அதற்கு நுழைவுச் சீட்டு தேவையில்லை. அதன் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தம்பி மனைவி கட்டிக் கொடுத்த புளியோதரையையும் வத்தலையும் சாப்பிட்டோம். டப்பாவைத் திறக்கும் முன் தம்பி மரத்தையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டான். இந்தக் காட்டுக் குரங்குகள் பிளாஸ்டிக் பை சலசலக்கும் சத்தத்தை நன்றாகப் பழகிவைத்திருக்கின்றன. அவற்றுக்கு ஒரு பருக்கைகூடப் போடக் கூடாது, போட்டால் அபராதம். நம் கோயில் குளங்களில் பொரி போட்டுப் பழகிய கைக்கு இது கடினம்தான். ஆனால் மனிதர் கையிலிருந்து தின்னப் பழகிய குரங்கு நாளை பிடுங்கத் தொடங்கும், பிறகு அதைப் 'பிரச்சினை' என்று பிடிக்க வருவார்கள்.

நதிப் பூங்காவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கடற்பசுவும் மீகாங் ஆற்றின் ராட்சதக் கெளுத்தியும் அங்கே பார்க்க வேண்டியவை. பெரும்பகுதி கூரைக்குக் கீழே என்பதால் நண்பகலுக்கு ஏற்ற இடம். பாண்டாக்கள் இருக்கும் கூடம் 18 முதல் 22 பாகைக்குள் குளிரூட்டப்பட்டது. காய் காய், ஜியா ஜியா என்ற இரண்டும் 2012 செப்டம்பரில் சீனாவின் செங்டுவிலிருந்து வந்தவை. பெண் பாண்டா கருத்தரிக்கும் வாய்ப்பு வருடத்தில் ஓரிரு நாள் மட்டுமே. ஏழு வருட முயற்சிக்குப் பிறகு 2021 ஆகஸ்டில் லெ லெ என்ற குட்டி பிறந்தது. ஒப்பந்தப்படி அது 2024 ஜனவரியில் சீனாவுக்குப் போய்விட்டது.

காய் காய் மல்லாந்து சாய்ந்து மூங்கிலை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. சுகமான குளிர். எனக்கு மட்டும் மனம் இனுக்காவிடம் போயிற்று. மிருகக்காட்சி சாலையில் 1990இல் பிறந்த துருவக் கரடி அது. வெப்ப மண்டலத்தில் பிறந்த முதல் துருவக் கரடி. 27 வருடம் வாழ்ந்து, மூட்டு நோய் முற்றி, 2018 ஏப்ரலில் கருணைக் கொலை செய்யப்பட்டது. அதற்குப் பல வருடங்கள் முன்பே, இனித் துருவக் கரடிகளைக் கொண்டுவருவதில்லை என்று பூங்கா முடிவெடுத்துவிட்டது. பூமத்திய ரேகையில் பனிக்கரடியை வைத்திருந்தது தவறு என்றே நான் நினைக்கிறேன். அதை நிறுத்தியது சரி என்றும் நினைக்கிறேன். குளிர் அறைக்குள் இருக்கும் பாண்டாக்களைப் பார்க்கும்போது அந்தக் கேள்வி முழுதாக அடங்கிவிடுவதில்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இந்தச் சங்கடத்தை அவர்களிடம் மறைக்க வேண்டாம். பதினொரு வயதுக்கு அது புரியும்.

இரண்டரைக்கு வானம் கறுத்தது. கூரைத் தகட்டில் விழுந்த மழையின் சத்தத்தில் பேச்சுக் கேட்கவில்லை. மின்னல் பளிச்சிட்டதும் என் மகன் மாமாவைத் திரும்பிப் பார்த்தான். தம்பி ஒன்றும் சொல்லாமல் அவன் தோளில் கை போட்டுக்கொண்டான்.

மழை தணிந்ததும் வீட்டுக்குத் திரும்பினோம். இந்த இரண்டு மணி நேரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 'இவ்வளவு தூரம் வந்து வீட்டுக்குப் போவானேன்' என்று பூங்காவிலேயே உட்கார்ந்து களைத்துப்போகிறார்கள். ஈசூனில் உறவு இல்லாதவர்கள்கூட ஒரு குளிரூட்டிய இடத்தில் காலை நீட்டி உட்காரலாம். அம்மா கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தூங்கினார். எழுந்து காபி குடித்ததும், "கெளம்பலாமா?" என்று முதலில் கேட்டது அவர்தான்.

நைட் சஃபாரிக்கு நுழையும் நேரத்தையும் சேர்த்தே முன்பதிவு செய்ய வேண்டும். நாங்கள் முதல் நேரமான ஏழே காலை எடுத்திருந்தோம். பாலூட்டி இனங்களில் பெரும்பாலானவை இரவில் நடமாடுபவை. பகலில் அவற்றைப் பார்க்கப் போவது, நம் வீட்டுக்கு நள்ளிரவில் விருந்தாளி வருவது போல. உலகின் முதல் இரவு மிருகக்காட்சி சாலையை 35 ஹெக்டேரில் வடிவமைத்ததும் அதே லின் டி அல்விஸ்தான். விளக்குகளை அமைத்தவர் இங்கிலாந்தின் சைமன் கார்டர். நிலா வெளிச்சத்தைவிடக் கொஞ்சம் தூக்கலான, வெள்ளை வெளிச்சம். கண் பழக ஐந்து நிமிடம் ஆகும். கைப்பேசித் திரையைப் பார்த்தால் மறுபடியும் ஐந்து நிமிடம். ஆகவே பைக்குள் போட்டுவிடச் சொன்னேன். ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. இருட்டுக்குத் திறந்த கண்ணை அது என்ன செய்யும் என்று யோசித்தாலே போதும்.

டிராம் கிட்டத்தட்ட நாற்பது நிமிடம் ஓடியது. மழை விட்ட காடு. இலைகளிலிருந்து சொட்டு, மண்வாசம், தவளைகள். தமிழ்நாட்டுக் காடுகளில் நாம் அறிந்த கரடி புற்றைத் தேடுவது போல் தரையை முகர்ந்துகொண்டு போனது. கழுதைப்புலி ஒன்று விளக்கின் விளிம்பில் நின்று, ஒரு நிழலாகத் திரும்பி மறைந்தது. ஆசியச் சிங்கத்தின் உறுமல் மட்டும் வந்தது.

ஒரு வளைவில் வண்டி மெதுவானது. இடது பக்கம், அம்மா உட்கார்ந்திருந்த பக்கம், சாலையோரத்தில் ஒரு மலேயத் தபீர். வேலி இல்லை. முன்பாதி கறுப்பு, நடு உடல் வெள்ளை, பின்கால்கள் மறுபடி கறுப்பு. பன்றியும் யானையும் கலந்தது போன்ற உருவம். உண்மையில் குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் உறவு. அந்த வெள்ளை எதற்கு என்று அந்த வெளிச்சத்தில்தான் எனக்குப் புரிந்தது. தூரத்தில் பார்த்தபோது விலங்கு என்றே தெரியவில்லை. நிலா பட்ட ஒரு பாறை. முன்னும் பின்னும் கறுப்பு இருட்டோடு போய்விட, நடுவில் உருவமற்ற ஒரு வெளுப்பு மட்டும். பக்கத்தில் வந்ததும் பாறை குட்டைத் தும்பிக்கையைத் தூக்கி, காற்றில் எங்களை முகர்ந்தது. மூக்கின் நுனி ஈரமாக மினுங்கியது. அம்மா கையை நீட்டியிருந்தால் தொட்டிருக்கும். அவர் இரண்டு கைகளையும் மடியில் இறுகக் கோத்துக்கொண்டார். வண்டி நகர்ந்து வெகுநேரம் வரை யாரும் பேசவில்லை.

பிறகு மகனும் தம்பியும் சிறுத்தைப் பாதையில் நடக்கப் போனார்கள். அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். பத்து மணிக்கு வீடு திரும்பினோம்.

மறுநாள் காலை ஒன்பதுக்கு வானம் கழுவி விட்டது போல் இருந்தது. ரெயின்ஃபாரஸ்ட் வைல்ட் ஏஷியாவின் 13 ஹெக்டேரில் இரண்டு வழிகள். மேலே, மரக்கிளைகளின் உயரத்தில், சக்கர நாற்காலிகூடப் போகும்படி அகலமான நடைபாலம். கீழே, வேரும் சேறும் பாறையுமாக, ஏறி இறங்கிப் போகும் காட்டுத் தடம். கயிறு கட்டிக் குதிக்கவும் குகைக்குள் ஏறித் தவழவும் தனிக் கட்டணம், தனி முன்பதிவு. வயதும் உயரமும் பார்த்துத்தான் விடுகிறார்கள். குடும்பமாகப் போகிறவர்கள் இதை ஊரிலிருந்தே பார்த்துவிட வேண்டும். வாசலில் வந்து தெரிந்துகொண்டால் பிள்ளையின் மனம் தாங்காது. எங்களுக்குப் பதினொன்றரைக்கு நேரம் கிடைத்திருந்தது. அதுவரை தம்பி அவனைக் கீழ்த்தடத்தில் கூட்டிப்போனான். நான் அம்மாவை ஒரு சக்கர நாற்காலியில் உட்காரவைத்து மேலே தள்ளிக்கொண்டு போனேன்.

பாலத்தின் ஒரு திருப்பத்தில், எங்கள் கண்ணுக்கு நேரே கிளையில், டூக் குரங்கு ஒன்று உட்கார்ந்து தளிர் தின்றுகொண்டிருந்தது. வியட்நாம், லாவோஸ் காடுகளின் உயிர். சாம்பல் உடல், பொன் நிற முகம், வெள்ளைத் தாடி, முழங்காலுக்குக் கீழே செந்தூர நிறக் காலுறை போட்டது போல. அது இலையைக் கிள்ளும் ஒவ்வொரு தடவையும் நேற்றைய மழைத்துளிகள் கீழே உதிர்ந்தன.

கீழிருந்து என் மகன் குரல் வந்தது. "அம்மாச்சி! மேல பாரு, வால் தெரியுது! வெள்ளை வால்!"

அம்மா நாற்காலியிலிருந்து முன்னால் குனிந்தார். "நான் மொகத்தையே பாத்துக்கிட்டிருக்கேன்டா. நீ கத்தாத, அது சாப்புடுது."

கீழே சத்தம் அடங்கியது. டூக் குரங்கு இன்னொரு கிளையை இழுத்துக்கொண்டது.